வளரும் பிள்ளைகளும் லூபஸ் நோயும்



சேலம், நாமக்கல் சமவெளியில் பங்குனி பிறந்துவிட்டால் வெயிலின் கடுமையை எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளையாட்டுத் திடலில் நின்று வந்த மாணவியின் முகம் சிவப்பது இயல்பே. ஆனால் அச்சிவப்பு நாள்கள் பல கடந்தும் மறையாமல், இரு கன்னங்களிலும் மூக்கின்மேலும் சிறகு விரித்த பட்டாம்பூச்சி போலப் படிந்து நின்றால், அதனை வியர்க்குரு என்றெண்ணிக் களிம்பு தடவிக் காலங்கடத்துதல் தகாது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல், காலையில் விரல் மூட்டுகளில் வலி ஆகியனவும் உடன் வரலாம். எழுதும் வேகம் குறைந்த பிள்ளையைச் சோம்பேறி என்று கடியும் ஆசிரியர், அப்பிள்ளையின் வீங்கிய விரல்களை ஒருமுறை உற்று நோக்கினால் நன்று.

லூபஸ் என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே உடலைப் பகையெனக் கருதித் தாக்குவது இந்நோயின் இயல்பு. இது தொற்றுநோய் அன்று. உடன் அமர்ந்து உண்பதால் பரவாது. முன்வினை என்று சொல்லி வாளாவிருப்போரும் உளர். நால்வகைத் தானங்களுள் மருந்தையும் ஒன்றாக வைத்த சமயத்தார் அவ்வாறு இருத்தல் பொருந்தாது.

லூபஸ் நோயாளருள் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு நோய் இளம் பருவத்திலேயே தொடங்குகிறது. ஐந்து வயதுக்கு முன் அரிது. 11, 12 வயதையொட்டி மிகுதி. பெண் பிள்ளைகளையே பெரிதும் பற்றும். ஆண் பிள்ளைகளுக்கும் விலக்கில்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் இந்நோய் கடுமையாக இருக்கும். குறிப்பாகச் சிறுநீரகம் அடிக்கடி தாக்கப்படுகிறது. அது வலியின்றி நிகழ்வதுதான் இடர். சிறுநீர் நுரைத்துப் போதல், விடியலில் இமைகள் வீங்குதல், பாதம் அதைத்தல் ஆகியன அதன் அறிகுறிகள். சிலருக்கு இவையும் தோன்றா. ஆதலால் மருத்துவரைக் காணும்போதெல்லாம் சிறுநீர்ச் சோதனையும் இரத்த அழுத்தம் பார்த்தலும் வேண்டும். இரத்தத்தில் ஏ.என்.ஏ. சோதனை செய்வர். நலமுள்ளோர் சிலருக்கும் அது நேர்மறையாக வருவதுண்டு. அவ்வொரு தாளைக் கண்டு கலங்க வேண்டா.

1948இல் மால்கம் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் இந்நோயைக் காட்டும் அணுவைக் கண்டனர். அதே காலத்தில் கண்டறியப்பட்ட ஸ்டீராய்டு மருந்தே நோயின் போக்கை மாற்றியது. அதற்காக 1950இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர். மலேரியாவுக்குத் தோன்றிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் இன்று லூபஸ் மருத்துவத்தின் அடித்தளம். 2020இல் கொரோனாவுக்கென்று ஊரார் அதனை வாங்கிக் குவித்தபோது, நாள்தோறும் அதை உண்ண வேண்டியவர்கள் கடைகடையாக அலைந்தனர்.

மருந்து உண்டு; அதனை உண்ண மறுக்கும் வயதில் நோய் வருகிறது. வளரிளம் பருவத்தின் பெருந்துன்பம் இதுவே. ஸ்டீராய்டு முகத்தை வட்டமாக்கும், பசியைப் பெருக்கும், பருவை மிகுவிக்கும். கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், “ஏம்மா, இப்படிப் பெருத்துவிட்டாய்?” என்று விளையாட்டாகக் கேட்பது போதும், மறுநாள் முதல் மாத்திரை தலையணைக்கடியில் ஒளிந்துகொள்ளும். மருந்தின் அளவை மருத்துவர் குறைக்கக் குறைக்க முகம் பழைய வடிவுக்குத் திரும்பும் என்பதைப் பெண்ணிடம் யாரேனும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும். நெடுநாள் ஸ்டீராய்டு உண்ணும் உடலில் அண்ணீரகச் சுரப்பி தன் பணியைக் குறைத்துக்கொள்கிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே இடர் நேரலாம். அடங்கிய நோயும் மீண்டும் சீறும்.

நோன்பு நாள்களிலும் இதே இடர் உண்டு. அட்டமி, சதுர்த்தசியிலும் தசலட்சண நாள்களிலும் பெரியோரைக் கண்டு பிள்ளைகளும் உண்ணா நோன்பு ஏற்கின்றனர். நோயுற்ற பிள்ளை மருத்துவரைக் கேளாது அவ்வாறு செய்தல் ஆகாது. மாத்திரையை அன்று ஒருநாள் விடுதல் அறவே ஆகாது. இனிப்பைத் துறத்தல், பாராயணம் கேட்டல் என உடலை வருத்தாத நோன்புகள் உள. இரவுண்ணாமை காக்கும் இல்லத்தார், மாலை மருந்தைக் கதிர் மறையுமுன் கொடுக்க இயலுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பெரும்பாலும் நேரத்தை அதற்கேற்ப அமைத்துத் தருவர். கேப்சூலின் ஜெலட்டின் உறை குறித்துத் தயங்குவோர், மாத்திரை வடிவம் உண்டா என்று வினவலாம். வினவாமல் விலக்குவதே கேடு.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ முதலில் காட்டலாம். மேல் மருத்துவத்துக்கு எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுவை ஜிப்மர் ஆகியன உள்ளன. பள்ளியில் வகுப்பாசிரியரிடம் நோயை மறைக்காமல் சொல்லிவிட்டால், வெயிலில் நிற்கும் காலை வழிபாட்டிலிருந்து விலக்குக் கிடைக்கும். வெளியே செல்லுங்கால் குடை, முழுக்கைச் சட்டை, வெயில் தடுப்புக் களிம்பு வேண்டும். வெயிலை விலக்குவதாலும் ஸ்டீராய்டாலும் எலும்பு மெலியுமாதலின் பாலும், மருத்துவர் தரும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளும் தேவை. ஊறுகாய், அப்பளத்தின் உப்பைக் குறைக்க வேண்டும். ஆண்டுதோறும் கண் சோதனையும் உண்டு.

பெண்ணின் திருமணம் தடைப்படும் என்றஞ்சிப் பெற்றோர் நோயை உறவினரிடமும், சிலவேளை பெண்ணிடமேயும் மறைக்கின்றனர். நோய் குறைந்தது ஆறு திங்கள் அடங்கியிருந்து, கருவுக்கு ஒவ்வாத மருந்துகளை மருத்துவர் முன்கூட்டியே மாற்றிக் கொடுத்தபின், தக்க கண்காணிப்பில் லூபஸ் உள்ள பெண்கள் பலர் நலமாகப் பிள்ளை பெறுகின்றனர். அம்மாற்றத்தைச் செய்ய வேண்டுமானால் மணமகன் வீட்டாருக்கும் நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.