அடைப்பும் ஓட்டமும்



நாம் மருத்துவம் கற்றவரல்லோம். ரெயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எளிய ஊழியர். எனினும், தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் நெஞ்சுவலியைப் பற்றிய பேச்சு எழாத வீடு அரிது. ‘இதயக் குழாயில் அடைப்பு’ என்றதும் வீடே கலங்குகிறது. நகைகள் அடகுக் கடைக்குச் செல்கின்றன. ஆகவே, அச்சொல்லின் பொருளை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

இருப்புப் பாதையில் ஓரிடத்தில் வேகக் கட்டுப்பாடு இருக்கலாம். அதனாலேயே வண்டி தாமதமாயிற்று என்று கூற இயலுமா? அடுத்த நிலையத்தை அடைந்த நேரத்தைக் கண்ட பின்னரே கூறலாம். இதயக் குழாய்களும் அத்தகையனவே. படத்தில் பாதி அடைபட்டதாகத் தோன்றும் குழாய், வேண்டிய இரத்தத்தைக் குறைவின்றிக் கொண்டு சேர்ப்பதும் உண்டு.

இதனை அறிய, சுருக்கத்திற்கு அப்பாலுள்ள இரத்த அழுத்தத்தை, அதற்கு முன்னுள்ள அழுத்தத்தோடு ஒப்பிடுவர். தடையற்ற ஓட்டத்திற்கு அளவு 1. அது 0.80 அல்லது அதற்குக் கீழாயின் ஓட்டம் குறைந்துள்ளதெனக் கொள்வர். மெல்லிய கம்பியைக் குழாயினுள் செலுத்தி இவ்வாறு அளப்பர். 1,005 நோயாளரைக் கொண்ட ஆய்வொன்று 2009-இல் வெளியாயிற்று. அளந்து பார்த்து ஸ்டென்ட் பொருத்தியோருக்கு ஸ்டென்ட்டுகளும் குறைவாகத் தேவைப்பட்டன. ஓராண்டிற்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளானோர் நூற்றுக்கு 18.3 என்பதினின்று 13.2 ஆகக் குறைந்தனர்.

இன்று கம்பியின்றியும் இதனை மதிப்பிடலாம். கைநரம்பில் மருந்து செலுத்தி எடுக்கும் ஸி.டி. ஸ்கேன் படத்தைக் கொண்டு, கணிப்பொறி குழாய்களின் உருவை அமைத்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறது. அமெரிக்க அரசு 2014-இல் இம்முறைக்கு இசைவளித்தது. இங்கிலாந்தின் மருத்துவ நெறி நிறுவனமாகிய நைஸ் 2017-இல் பரிந்துரைத்தது. படம் தெளிவின்றி இருப்பின் கணக்கும் பிழைபடும் என்பதை மறத்தலாகாது.

நம் நாட்டில் 2017 பிப்ரவரியில், மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்ச விலையை 29,600 ரூபாயாக அரசு வரையறுத்தது. நன்றே! ஆயினும், தேவையற்ற ஸ்டென்ட் எவ்விலைக்கும் மலிவன்று. ஆகவே, “ஐயா, இச்சுருக்கத்தால் ஓட்டம் குறைந்துள்ளதா? அளந்தறிய வழியுண்டா?” என்று மருத்துவரைப் பணிவுடன் கேட்போமாக. மருந்தே போதுமென்பாராயின், அதனைத் தவறாது உட்கொள்வோமாக.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விழைகிறோம். திடீரென நெஞ்சு இறுகி, வியர்த்து, மூச்சுத் திணறுமாயின், அது மாரடைப்பாக இருக்கலாம். அவ்வேளையில் வினாக்களுக்கு இடமில்லை. அரைநொடியும் தாழ்த்தாது, சயான் மருத்துவமனையோ பரேல் கே.இ.எம். மருத்துவமனையோ, அருகிலுள்ளதை அடைதல் வேண்டும்.