திருமலையில் கப்பல், மாத்தளையில் பகல்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கப்பலில் வருகிறவர்களுக்கு இன்று மாத்தளையைத்தான் சொல்லப்போகிறேன்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றியது. திருமலையில் கோணேசர் கோவிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். முழுப் பகலும் கையில் இருந்தால் வேன் பிடித்து, கந்தளாய், ஹபரணை வழியாக உள்நாட்டுக்கு வாருங்கள்.

எல்லாரும் சீகிரியாவுக்குத்தான் ஓடுவார்கள். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய குன்றுக் கோட்டை; சுமார் 1,200 படி. முழங்கால் நோவுக்காரர் கீழேயுள்ள நீர்த்தோட்டத்தோடு நின்றுகொள்ளலாம். ஆனால் சீகிரியாவும் மாத்தளை நகரமும் ஒரே பகலில் ஒத்துவராது. என்னைக் கேட்டால் மாத்தளைக்கே போகச் சொல்வேன்.

காரணம், மாத்தளைக்குப் போகும் வீதி. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் சனம் மன்னார்க் கரையில் தோணியை விட்டிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தது. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மாத்தளைக்கு ரயில் வந்ததே 1880இல்தான். அப்படி நடந்து வந்தவர்கள் கும்பிட்ட முத்துமாரியம்மன், இன்று 108 அடி இராஜகோபுரத்தோடு நகரின் பிரதான வீதியோரத்தில் இருக்கிறாள். 1983 கலவரத்தில் கோவிலுக்குத் தீ வைத்தார்கள். அதற்குப் பிறகு மீண்டும் எழுப்பியதுதான் இது. மாசிமகத்தில் ஐந்து தேர் வீதிக்கு வரும்.

இனி நேரக் கணக்கு. உச்சிப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலை ஏழு மணிக்கே கிளம்பி, வழியில் எங்கும் இறங்காமல் நேரே மாத்தளைக்குப் போங்கள், மற்றதெல்லாம் திரும்பும்போது. நாலந்தா கெடிகே, பல்லவர் கோவில் சாயலில் கட்டிய சிறிய பௌத்த ஆலயம். நீர்த்தேக்கத்தில் மூழ்காமலிருக்கக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். அரை மணி போதும். வாசனைத் திரவியத் தோட்டங்களில் கழுத்தில் எண்ணெய் தேய்த்துவிட்டு, பிறகு விலை சொல்வார்கள். நேரமும் போகும், காசும் போகும். தம்புள்ளைக் குகைக் கோவிலில் செருப்பைக் கழற்றவேண்டும். பிற்பகலில் பாறை சுடும், தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும்.

கப்பல் நிறுவனத்தின் பயணத்தில் போனால் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். தனி வேனில் போனவருக்குக் காத்திருக்காது. மாலை ஆறுக்கு ஏறவேண்டுமென்றால் தம்புள்ளையை விட்டுவிடுங்கள். ஏழு, எட்டு என்றால் பார்க்கலாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே பொழுது சாயும் நேரத்தில் யானை வீதிக்கு வரும். சாரதி வேனை நிறுத்தினால் அவசரப்படுத்தாதீர்கள். அதற்கென்றே அரை மணி நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.