தவப்பூனையும் வாழைப்பழமும்

(ஊரப்பாக்கத்தில் தமிழன்பர் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நியூயார்க்கு நகரில் ஓர் ஏலம் நடைபெற்றது. ஏலத்திற்கு வந்த பொருள் ஒரு வாழைப்பழம். சுவரில் சாம்பல்நிற ஒட்டுப்பட்டையால் ஒட்டிவைக்கப்பெற்ற ஒற்றை வாழைப்பழம். அதனைக் 'கலைப்படைப்பு' என அறிவித்தவர் இத்தாலி நாட்டு மவுரீசியோ கத்தெலான் என்பவர். 2019இல் மியாமிக் கலைச்சந்தையில் அது முதன்முதல் ஒட்டப்பட்டபோது விலை 1,20,000 தாலர். ஐந்தாண்டு கழித்து ஏலத்தில் அதன் விலை, கட்டணமும் சேர்த்து, 62 இலக்கம் தாலர். இந்நாட்டுக் காசில் ஐம்பது கோடி உருபாவிற்கும் மேல்! வாங்கியவர் சசுட்டின் சன் என்னும் மின்காசுச் செல்வர். வாங்கிய சில நாள்களில் ஆங்காங்கில் செய்தியாளரைக் கூட்டிவைத்து, அப்பழத்தை உரித்துத் தின்று முடித்தார்.

அந்தப் பழம் ஏலக்கூடத்தின் வெளியே தெருக்கடை ஒன்றில் முப்பத்தைந்து காசுக்கு வாங்கப்பட்டது. விற்றவர் வங்காளதேசத்திலிருந்து குடியேறிப் பிறர்க்குக் கூலிவேலை செய்யும் எழுபது கடந்த முதியவர். தாம் விற்ற பழத்தின் ஏலவிலையைக் கேட்டபோது அவர் கண்ணீர் விட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஏலக்கூடத்தில் கைதட்டலும் கடைத்தெருவில் கண்ணீரும் எழுந்த அந்த நாள்களில், 'கலை என்பது யாது?' என்னும் வினா நூல்களைவிட்டுத் தெருவிற்கு வந்துவிட்டது எனலாம்.

மேலைநாட்டார் கூத்து என்று இதனைச் சிரித்துத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அவ்வினா மியாமியில் மட்டும் நிற்பதன்று. ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் கடற்கரைச் சாலை வந்துவிடும். அச்சாலையில் வடக்கே ஈஞ்சம்பாக்கம், நடுவே முட்டுக்காடு, தெற்கே மாமல்லபுரம். ஒரே சாலையில் ஒரே வினாவிற்கு மூன்று நான்கு விடைகள் வரிசையாக நிற்கின்றன.

ஈஞ்சம்பாக்கத்துப் பொழுதுபோக்குப் பூங்காவில் பல்லாண்டுகளாக ஒருவர் சிலையாக நின்றார். அரசவைக் காவலர் உடையில், இமையும் அசையாதவர்போல், மணிக்கணக்கில் நின்றார். அவரைச் சிரிக்க வைப்போர்க்குப் பரிசு என்றும் அறிவித்திருந்தனர். வந்தவர் எல்லாரும் ஆடிப்பாடிக் கோணங்கி காட்டியும் அவர் சிரிக்கவில்லை. கல்லை உயிருள்ளதாக்கிய மாமல்லபுரத்திற்கு ஒரு மணிநேர வழியில், உயிருள்ள மாந்தன் ஒருவன் கல்லாகக் காட்டப்பட்டான்! அது கலையா, கூலியா? அவர்தம் உடலடக்கமும் உள்ளவுறுதியும் எந்தக் கூத்தனுக்கும் இழிந்தவையல்ல. ஆயினும் அவரைக் கலைஞர் என்று எந்தக் கலைக்கழகமும் பட்டியலில் ஏற்றவில்லை. வாழைப்பழத்தை ஒட்டியவர் கலைஞர். வாழ்நாளையே நிற்கவைத்தவர் வாயிற்காவலர். இந்த வேறுபாட்டை வகுத்தவர் யார்?

அதே ஈஞ்சம்பாக்கத்தில்தான் 1966இல் கே.சி.எசு. பணிக்கர் தலைமையில் சோழமண்டல ஓவியர் சிற்றூர் உருவாயிற்று. சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராக இருந்த பணிக்கரும் அவர்தம் மாணவரும் சேர்ந்து மணல்மேட்டில் நிலம் வாங்கினர். அந்த நிலத்தை வாங்கிக்கொடுத்தது ஓவியமன்று, கைவினை. மெழுகு தடவிச் சாயமேற்றிய துணிகளையும் பிற கைத்திறப் பொருள்களையும் செய்து விற்று, அந்த வருவாயில்தான் அவ்வோவியர்கள் நிலமும் வாங்கினர், சோறும் உண்டனர். அதன்பின் எஞ்சிய பொழுதில் ஓவியம் தீட்டினர். வயிற்றை நிறைத்த கைவினையைக் கீழேயும், அதன் தோளேறி நின்ற ஓவியத்தை மேலேயும் வைத்தே உலகம் பேசுகிறது. அச்சிற்றூரில் வாழ்ந்த சிற்பி பி.வி. சானகிராம் கோவிற் கவசம் செய்யும் கன்னார்தம் முறையை எடுத்துக்கொண்டு, செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து ஏசுவையும் பிற உருவங்களையும் ஆக்கினார். கன்னார் செய்தால் கவசம். சானகிராம் செய்தால் சிற்பம்! சானகிராமைக் குறைத்தற்கு இதைச் சொல்லவில்லை; அவர் பெருங்கலைஞர். கன்னாரைக் குறைத்ததைச் சுட்டவே சொல்லப்படுகிறது.

இப்பிரிவினை தமிழர்தம் பழஞ்சொத்தா என்று பார்த்தல் வேண்டும். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை வரிசைப்படுத்துகிறது. வெண்கலம் செய்வோர், செம்பு செய்வோர், மரத்தச்சர், இரும்புக்கொல்லர் என்று வரும் அவ்வரிசையிலேயே, இடையில் எந்தப் படியும் ஏறாமல், கண்ணுள்வினைஞர் வருகின்றனர், மண்ணீட்டாளர் வருகின்றனர், அவரை அடுத்துப் பொற்கொல்லர் வருகின்றனர். கண்ணுள்வினைஞர் ஓவியர், மண்ணீட்டாளர் மண்ணுருவம் ஆக்குவோர். அப்புறம் தையற்காரரும் தோல் தைப்பவரும் வந்து, பாணரும் வருகின்றனர். இளங்கோவடிகள் கண்ட நகரில் தச்சனுக்கும் ஓவியனுக்கும் நடுவே சுவரில்லை. கண்ணுள்வினையும் வினை, கைவினையும் வினை. சொல்லே சான்று!

சுவர் எழுந்தது எப்போது? சென்னையில் 1850இல் அலெக்சாந்தர் அண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். விரைவிலேயே அது தொழிற்கலைப் பள்ளி ஆயிற்று. கையால் உழைப்பவனுக்குத் தொழிற்கலை, கருத்தால் உழைப்பவனுக்கு நுண்கலை என்று ஐரோப்பியர் தம் நாட்டில் வகுத்துக்கொண்ட பாகுபாடு பள்ளிகளின் வழியே இந்நாட்டிற்குள் நுழைந்து குடியேறியது. இருப்பினும், எல்லாப் பழியையும் வெள்ளையன்மேல் ஏற்றிவிட்டுத் தமிழன் கைகழுவிக்கொள்ளுதல் நேர்மையன்று. கல்லில் உருவம் சமைத்துக் கண்திறக்கும்வரை அவ்வுருவம் தச்சன் கையிலே இருக்கிறது. குடமுழுக்கு முடிந்த மறுநாள் அவனே கருவறை வாயிலுக்கு வெளியே நிற்கிறான். தான் செய்த கடவுளைத் தானே தொடவியலாத தொழிலாளி இம்மண்ணில்தான் உண்டு. இந்தச் சுவரை எந்த அண்டரும் எழுப்பவில்லை.

சட்டத்தின் வழியாக இவ்வினாவிற்கு விடை தேடினாலும் சிரிப்பே மிஞ்சும். 1926இல் பிராங்குசி என்னும் உருமேனியச் சிற்பியின் 'விண்வெளிப் பறவை' என்னும் வெண்கலச் சிற்பம் நியூயார்க்குத் துறைமுகத்திற்குப் போயிற்று. அதற்கு இறகில்லை, அலகில்லை. மேல்நோக்கி மெலிந்து செல்லும் பளபளத்த ஒரு வடிவம்! சுங்க அலுவலர் அதனைச் சமையற்கருவிகள் முதலிய பொருள்களோடு வகைப்படுத்தி நூற்றுக்கு நாற்பது வரி இட்டுவிட்டனர். வழக்கு இரண்டாண்டு நடந்து, 1928இல் 'அது கலையே' என்று தீர்ப்பாயிற்று. இந்நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, ஓவியமும் சிற்பமும் கலைத்தன்மை பெற்றிருப்பினும் இல்லையெனினும் கலைப்படைப்பே என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. வாழைப்பழத்தைக் கத்தெலானும், கழிகலத்தைக் கண்காட்சிக்கு விடுத்த துசாமும் அப்படியே நினைத்திருப்பர். (துசாமின் கழிகலம் 1917இல் நியூயார்க்கில் மறுக்கப்பட்டது, காணாமலும் போயிற்று. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை பிற்காலப் படிகள்.) சரக்கு, சேவை வரி வந்தபின் 2018இல் கல், மரம், பளிங்கு ஆகியவற்றால் ஆன கடவுள் உருவங்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் அவ்விலக்குக் கடவுளருக்கு மட்டும். ஒரே உளி, ஒரே கல், ஒரே கை; பிள்ளையாருக்கு வரியில்லை; வள்ளுவர் கடவுளர் பட்டியலில் இல்லை! செய்தவன் திறத்தை அளக்கவேண்டிய இடத்தில், செய்யப்பட்டவர் யார் என்பதை அளக்கிறது சட்டம்.

இனி மாமல்லபுரத்திற்கு வருவோர், கடலைப் பார்க்குமுன் அந்தப் பெரும்பாறையின்முன் நிற்றல் வேண்டும். ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உடைய பாறைப்புடைப்பு அது. அருச்சுனன் தவமென்பர் சிலர். கங்கை இறங்கிய கதையென்பர் சிலர். அந்த அறிஞர் போர் ஒருபுறம் நடக்கட்டும். கீழே, பேருருவ யானையின் அருகில், ஒரு பூனை முன்கால்களைத் தலைக்குமேல் தூக்கி நின்று தவம் செய்கிறது. அதனைச் சுற்றி எலிகள் அச்சமின்றி விளையாடுகின்றன. மேலே விலா எலும்பு தெரியத் தவம்புரியும் முனிவன் எந்த நிலையில் நிற்கின்றானோ, அதே நிலையில் கீழே பூனை! அரசன் பொருளில், அரசன் ஆணையில், அரசன் போற்றிய தவக்கதையைச் செதுக்க வந்த தச்சன், அதே பாறையில் பொய்த்தவத்தையும் எள்ளிச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஏழாம் நூற்றாண்டுக் குறும்பு இது! இதற்கு விளக்கச் சீட்டு எதுவும் வேண்டுவதில்லை. பள்ளிப்பிள்ளை முதல் பல்லில்லாக் கிழவி வரை அதன்முன் நின்று சிரிக்கின்றனர். வாழைப்பழத்தை வாங்கியவர்க்கோ ஒரு சான்றிதழும், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் ஒட்டவேண்டும் என்னும் குறிப்புத்தாளும் தரப்பட்டன. பழம் அழுகினால் வேறு பழம் மாற்றிக்கொள்ளலாமாம். சீட்டைக் கிழித்துவிட்டால் அங்கே எஞ்சுவது பழம். பூனையோ சீட்டு எழுதுவார் இல்லாமலே ஆயிரத்து முந்நூறு ஆண்டு நின்றிருக்கிறது.

ஆகவே புதுமையும் கோணலும் கலைக்குப் பகையல்ல. பல்லவன் மகேந்திரனுக்கு 'விசித்திரசித்தன்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. புதுமை நாட்டமுடையவன் என்பது பொருள். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிக் கோவில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் அவன் பெருமிதம் கொள்கிறான். அதுவரை தமிழகத்தில் கல் என்பது பெரும்பாலும் இறந்தார்க்குரியது; தொல்காப்பியம் கூறும் நடுகல் அதற்குச் சான்று. இறந்தார்க்குரிய கல்லில் கடவுளை வைத்தது அன்றைக்குப் பெருங்கோணலாகவே தோன்றியிருத்தல் வேண்டும். ஊரப்பாக்கத்திற்குத் தெற்கே செங்கழுநீர்ப்பட்டை அடுத்த வல்லம் குன்றில் இன்றும் இருக்கும் குடைவரை அப்புதுமையின் ஒரு துண்டு. 'இதற்குமுன் இல்லை, ஆகவே கலையில்லை' என்று பேசும் தமிழன்பர் வல்லத்திற்கு ஒருமுறை போய்வரட்டும்.

ஆனால் மண்டகப்பட்டில் அரசன் தன் பெருமையை வடமொழியில் வெட்டுவித்தான். வெட்டியவன் பெயர் அங்கே இல்லை. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் வழங்கும் இடத்துப் பாறையில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், இன்னும் சிலர். கல்லுடைத்த தச்சர் தாமே தம் பெயரைப் பொறித்துக்கொண்டனர் என்பர் ஆய்வாளர். அரசன் பெயருக்கு அடைமொழிகள் பல. பெருந்தச்சனுக்கோ ஊருக்கு வெளியே ஒரு பாறை! கலைஞன் பெயரின்றி உழைப்பதே இந்நாட்டு மரபு, அவன் பெயரை விரும்பான் என்று மேடைதோறும் பேசுவோர் பூஞ்சேரிக்குப் போனதில்லை போலும். அவன் விரும்பினான், அரசுதான் இடங்கொடுக்கவில்லை.

1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னர் அது கல்லூரியாயிற்று. அங்கு நெடுங்காலம் தலைமை தாங்கிய பெருந்தச்சர் கணபதியே குமரிமுனையில் 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் அது திறக்கப்பெற்றது. கோவிலின்றி, பூசையின்றி, குடமுழுக்கின்றிக் கடல்நடுவே எழுந்த கல் அது. மரபுத் தச்சனின் கை கோவிற்சுவரைத் தாண்டிப் புலவனுக்கு உருவம் தரவல்லது என்பதை அது காட்டியது. 2017இல் மாமல்லபுரக் கற்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் குறியீடு ஊருக்குக் கிடைத்ததே ஒழிய உளிக்காரன் பெயருக்குக் கிடைக்கவில்லை. கடைத்தெருவில் அடுக்கிய சிலைகளின் அடியில் இன்றும் பெயர் காண்பது அரிது. முன்பு உளியோசை கேட்ட கொட்டகைகளில் இப்போது சுழல்வாள் பொறியின் இரைச்சல். கருங்கற்றூளை மூச்சில் இழுப்பவன் நெஞ்சில் அத்தூள் தங்கி நுரையீரலைக் கல்லாக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அவன் 'கலைஞன்' எனின் அவனுக்கு விருதும் கண்காட்சியும் உண்டு. 'தொழிலாளி' எனின் காப்பும் இழப்பீடும் கேட்கும் உரிமை உண்டு. இரண்டு பெயரும் அவனுக்கு முழுமையாக வாய்க்கவில்லை. கலை எது என்னும் வினா சொற்போர் மேடைக்குரியதன்று, அவன் மூச்சுக்குரியது என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

தமிழுணர்வாளர் தம் வீட்டையும் திரும்பிப் பார்த்தல் நன்று. தமிழ் விழா மேடைகளில் அச்சில் வார்த்துப் பொன்வண்ணம் பூசிய சுண்ணச் சாந்து வள்ளுவர். பின்னால் பொறியில் அச்சடித்த நெகிழித் தட்டி. அதில் வள்ளுவரைவிடப் பெரிதாக ஊர்த்தலைவர் முகம்! இருபது கல் தொலைவில் தலைமுறை தலைமுறையாகக் கல்லோடு பேசும் குடும்பங்கள் இருக்க, அச்சுப்பதுமையை விலைபேசித் தோளில் தூக்கி வருகின்றனர். விலை குறைவு என்பதே கரணியம். சொல்லில் பிறமொழி கலந்தால் சீறுவோர், கல்லில் போலி கலந்தால் வாளாவிருப்பது ஏனென்று விளங்கவில்லை.

ஊரப்பாக்கத்திலோ அருகிலுள்ள வேறோர் ஊரிலோ வள்ளுவர்க்கோ பாவேந்தர்க்கோ சிலையெடுக்க அன்பர்கள் முனையும் நாள் வரும். அன்று முதற்கூட்டத்திலேயே முடிவு செய்யவேண்டியவை சில உள. மாமல்லபுரக் கொட்டகைக்கு நேரே போய்க் கல்லைப் பார்த்துத் தச்சரோடு பேசுக. உயரம் குறைந்தாலும் குற்றமில்லை. ஓராண்டு பிந்தினாலும் குற்றமில்லை. பேசிய கூலியை இடைத்தரகரின்றிக் கையில் கொடுக்க. பீடத்தில் திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், நன்கொடையாளர் பெயர் என்று வெட்டுவிக்கும் வழக்கமான பட்டியலுக்கு முன்னே, முதல் வரியில், செய்தவர் பெயரைத் தமிழில் வெட்டச் சொல்லுக. அந்த வரியை அவரே வெட்டட்டும்.