கரும்பின் விலையும் வெட்டுவோரின் பெயரும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கரும்புக்கு நியாய விலை என்னும் பேச்சு நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. திருவாலங்காட்டிலுள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் செல்வதை நாம் கண்டு வந்திருக்கிறோம். அக்கரும்பை வெட்டிக் கட்டி ஏற்றுவோரில் நம்மவர் எத்தனை பேர்? தம் பெயரில் ஆலையில் பதிவு செய்து அனுப்புவோரில் எத்தனை பேர்? இவ்விரண்டு எண்ணிக்கைகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இன்று நாம் பேச வந்த பொருள்.

பயிரிடுவோருக்குச் சட்டம் சில காப்புகளை அளித்துள்ளது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பைப் பெற்ற 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும். 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதுவும் 10.25 விழுக்காடு சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்கே. வெட்டுக்கூலியோ பயிரிட்டவர் கையிலிருந்து போவது. ஆகவே ஆலை பணத்தைத் தாமதித்தால், வயலில் கூலிப் பேரம் இறுகிவிடுகிறது.

வெளிநாடுகளில் 'நியாய வணிகம்' என்றொரு முறை உண்டு. மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டுக் கரும்பு விவசாயிகள் 2008 முதல் அதன்வழிப் பயன் பெற்றனர். ஒரு டன் சர்க்கரைக்கு 60 டாலர் என்று விலைக்கு மேல் ஒரு தொகை பல ஆண்டுகள் வழங்கப்பட்டது. அதனை எதற்குச் செலவிடுவது என்று விவசாயிகளின் சங்கமே வாக்களித்து முடிவு செய்யும். போற்றத்தக்க ஏற்பாடே! எனினும் வாக்கு, உறுப்பினராகிய பயிரிடுவோருக்கே. வெட்டுக்கத்தி பிடித்தவர் அந்த வாக்குக்கு வெளியேதான் நிற்கிறார்.

"வயலே வேண்டாம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை இருக்கிறது" என்பீர்கள். குறை கூறோம், பிறர் வயலில் கைகட்டி நிற்பதினும் அது மேல்தான். ஆனால் ஒப்பந்தக்காரர் வழியாகச் செல்பவர், தம் பெயரில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உள்ளதா என்பதை முதல் மாதமே கேட்டறிய வேண்டாமா? அங்கும் கேள்வி, பெயர் எந்த ஏட்டில் என்பதே.

நிலத்தின் ஏட்டில் நம் பெயர் ஒருகாலத்தில் எழுதப்பட்டது. செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரெமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலையை விரிவாக எழுதி அரசுக்கு அனுப்பினார். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெற்றவர் பத்தாண்டுகள் விற்கலாகாது. பின்னர் விற்பினும் நம்மவருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பல இன்று பிறர் பட்டாவில் உள்ளன. அவற்றுள் ஒரு காணி மீண்டாலும், அங்கே விளையும் கரும்பு நம் பெயரிலேயே ஆலைக்குச் செல்லும். 14 நாள் கெடுவும் 15 விழுக்காடு வட்டியும் நமக்கும் உரியவையாகும்.

எனவே படித்த இளைஞர்கள் தத்தம் ஊரில் இதனைத் தொடங்குக. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி வட்டாட்சியர் அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுதுக. ஊர்ப் பெயர், புல எண் குறித்து, 'அ' பதிவேட்டின் நகலையும், அந்நிலம் நிபந்தனையுடன் வழங்கப்பட்டதா என்னும் விவரத்தையும் கேளுங்கள். முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய நிலப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புல எண்ணைக் கண்டுபிடிக்க அவையே உதவும்.