பஸ்ஸுல போற நம்ம பிள்ளைங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

சேமிப்பு, கடன் பத்தி எனக்கு முன்னாடி பேசின அக்காமார் நல்லாச் சொல்லிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

எங்க ஊர் செக்கானூரணிக்கு அந்தப் பக்கம். என் மகள் ஆறாம் வகுப்புக்கு மதுரையில சேர்ந்தா. காளவாசல்ல இறங்கி நடக்கணும். மொத வாரம் கூடப் போனேன். அப்புறம், பெரிய பிள்ளைங்க போறாங்களேன்னு விட்டுட்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் நல்ல மழை. நம்ம பக்கம் வர்ற பஸ் ரெண்டும் படிக்கட்டு வரைக்கும் ஆள் தொங்கிக்கிட்டு வந்திருக்கு. இருட்டுதேங்கிற பயத்துல, அடுத்து வந்த பஸ்ஸுல கூட்டத்தோட கூட்டமா ஏறிட்டா. அது திருநகர் போற பஸ். பழங்காநத்தத்துல இறங்கி அழுதுக்கிட்டு நின்னிருக்கா. பூ விக்கிற ஒரு அம்மா போனைக் கொடுத்து, "உங்க அம்மா நம்பர் சொல்லு"ன்னு கேட்டிருக்காங்க. அவளுக்குத் தெரியல. நான் சிம் மாத்தி மூணு மாசம். புது நம்பரைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. திருப்பூர்ல வேலை பாக்குற அவ அப்பா நம்பர் மட்டும் ஞாபகம் இருந்திருக்கு. அவர் அங்கிருந்து போன் போட்டப்ப நான் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். போய்க் கூட்டிட்டு வீடு வந்து சேர மணி எட்டரை. அடிக்கக் கை ஓங்கிட்டேன். பக்கத்து வீட்டு மதினிதான் கையைப் பிடிச்சு, "தப்பு யாரு மேல?"ன்னாங்க.

அந்த வாரக் கூட்டத்துல சந்தா எழுதி முடிச்சதும் இதைச் சொன்னேன். பன்னிரண்டு பேர்ல ஏழு பேர் வீட்டுப் பிள்ளைங்க அதே ரோட்டுலதான் போகுதுங்க! தினம் காலையில ஒருத்தர் கூடப் போறதுன்னு தீர்மான நோட்டுல எழுதினோம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல நமக்கு டிக்கெட் கிடையாது, அதனால செலவில்ல. கூலி போகுமேன்னு சண்டை வந்துச்சு, மறைக்கல. நூறு நாள் வேலை உள்ளவங்க நாளை மாத்திக்கிட்டாங்க.

கூடப் போனப்பதான் பாத்தேன். இறங்கினதும் பிள்ளைங்க பஸ்ஸுக்கு முன்னாலயே குறுக்க ஓடுதுங்க. கிட்டக்க நிக்கிற சின்னப் பிள்ளை டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல முந்திக்கிட்டு வர்ற வண்டி பிள்ளைக்குத் தெரியாது. பஸ் கிளம்பிப் போற வரைக்கும் ஓரமா நிக்கணும்னு தினம் சொல்லித்தான் பழக்கினோம். எட்டாவது படிக்கிற ஒரு பய படிக்கட்டை விட்டு நகர மாட்டேன்னான். திட்டிப் பாத்தேன், கேக்கல. "நீதான் சின்னதுகளை எண்ணி உள்ள உட்கார வைக்கணும்"னு பொறுப்பைக் கொடுத்தோம். இப்ப மொத ஆளா உள்ள ஏறுறான்.

எல்லாப் பையிலயும் உள்பக்கம் ரெண்டு நம்பர் எழுதியிருக்கோம். வெளியில எழுதல, கண்டவங்க பேரைப் படிச்சுக் கூப்பிடக் கூடாதில்ல. 1098-ஐயும் மனப்பாடம் பண்ண வச்சிருக்கோம். பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் அது, காசில்லாம கூப்பிடலாம்.

காலை சரியாயிருச்சு. சாயங்காலத்துக்குத்தான் ஆள் பத்தல. அந்நேரம் வீட்டு வேலையும் மாடும் நம்மை விடாது. அதே ரோட்டுல இருக்குற மத்த குழுக்காரங்க வாரத்துக்கு ஒரு நாள் கொடுத்தாப் போதும். பேர் எழுத நோட்டு கொண்டாந்திருக்கேன். சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்துலதான் இருப்பேன்.