அயலவருக்கு முன்னறிவித்தல்

வீடு கட்டப் புகுவோர் முதலிற் கலந்து பேசுவது வரைபடம் வரைவோருடன். அடுத்துச் செல்வது பிரதேச சபைக்கு. வேலிக்கு அப்பால் வாழும் அயலவர் செய்தி அறிவதோ, பெரும்பாலும் அத்திவாரம் வெட்டும் ஓசை கேட்ட பின்னரேயாம். இவ்வொழுங்கு மாறுதல் நன்று. அனுமதி கோரி விண்ணப்பிக்கு முன்னரே அயலவருக்கு அறிவித்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தை நோக்கின் இதன் காரணம் விளங்கும். அங்கே பேராறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நீரையே கிணறுகள் தருகின்றன. கல்லின் வெடிப்புகள் உறுதியில் எழுதிய எல்லையை அறியா. ஒருவர் வளவில் வெட்டிய மலக்குழியின் கசிவு மற்றவர் கிணற்றை அடைதல் கூடும். நீரைக் கொதிக்க வைத்துக் கிருமிகளைக் கொல்லலாம். கழிவிலிருந்து சேரும் நைத்திரேற்று கொதித்தாலும் நீங்காது. அது மிகுமாயின், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையும்.

விண்ணப்பகாரர் கொடுக்கும் வரைபடத்தில் அவருடைய காணி தெளிவாகக் காணப்படும். வேலிக்கு மறுபுறத்திலுள்ள கிணறு அதில் விடுபடுமாயின், தாளை மட்டும் கண்டு தீர்மானிப்போர் அதனை அறியார். அறிந்தவர் அயலவரே. மாரி வெள்ளம் எவ்வழி ஓடும், பங்குக் கிணற்றுக்கு உரியவர் யாவர், வழிவாய்க்கால் உரிமை எங்கே செல்கின்றது என்பனவும் அவர் அறிவார். விண்ணப்பத்திற்கு முன், குழியை வளவின் மறு மூலைக்கு மாற்றுவது தாளில் ஒரு கோட்டை அழித்து எழுதும் வேலை. கட்டி முடித்த பின்னரோ அது நீதிமன்ற வழக்கு.

இம்முறை நம்மவர்க்குப் புதியதன்று. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமை, காணி விற்பனைக்கு முன் உரிமைக்காரருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அடுத்த காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்றது. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவித்தல் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து வெளியிடப்படலாயிற்று. இக்காலத்தில் தேசிய சுற்றாடற் சட்டமும், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டறிக்கை வேண்டப்படும் பெருந்திட்டங்களைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாட்கள் அளிக்கின்றது. பெருந்திட்டத்திற்குத் தகும் நெறி சிறு வீட்டிற்குத் தகாதோ?

பழம்பகை கொண்ட அயலவர் இதனைத் தடைக்கு வாய்ப்பாகக் கொள்வார் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், அறிவித்தல் வேறு, இணக்கம் வேண்டுதல் வேறு. அயலவர்க்கு உரியது தம் சொல்லைக் கேட்பிக்கும் வாய்ப்பு. தீர்மானிக்கும் அதிகாரம் சபைக்கே உரியது. காரணமற்ற எதிர்ப்பு, எழுத்தில் வந்தவுடன் தன் வலிமையை இழக்கும்.

அறிவித்தலும் முறையாக அமைதல் வேண்டும். வீதியில் எதிர்ப்பட்டபோது சொல்லிய ஒரு வார்த்தை போதாது. மதில், குழி, கிணறு, வெள்ள வாய்க்கால் ஆகியவற்றைக் காட்டும் வரைபடப் பிரதியை, அயலவர் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதிய கடிதத்துடன் கொடுத்து, மறுமொழிக்கு இரு வாரமேனும் விடுதல் தகும். காணிக்காரர் கடல் கடந்து வாழ்வாராயின், காணியைப் பராமரிப்பவர் வாயிலாக அவருக்குச் செய்தி சேர்ப்பித்தல் வேண்டும்.

கட்டடம் எழும்புவது ஓராண்டில். அயலவரோடு வாழ்வது தலைமுறைகள் தோறும். முதற் கல்லை நாட்டுமுன் அவரிடம் செல்லும் ஒரு கடிதம், இரு வளவுகளின் நீரையும் உறவையும் காக்கும்.