எரிமலையும் நிலத்தடி அழுத்தமும்



எரிமலையை ஆராய நெய்வேலியில் கூடுவது பொருந்துமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். ஆயினும், மண்ணுக்கடியில் அடைபட்ட திரவம், தன்மேலுள்ள பாரம் குறைந்தால் எத்துணை மூர்க்கம் கொள்ளும் என்பதை இவ்வூரார்க்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழே மணலடுக்கில் நிறைந்து நிற்கும் ஆர்ட்டீசியன் நீர், நாம் மேல்மண்ணை அகற்ற அகற்றச் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு எழ முற்படும். அதனாலன்றோ ஆழ்குழாய்க் கிணறுகளில் பம்புகள் இரவும் பகலும் ஓயாது நீரை இறைத்து, அவ்வழுத்தத்தைத் தணித்து வருகின்றன!

எரிமலையின் இரகசியமும் பெரும்பாலும் இதுவே. பூமியின் மேலோட்டுக்கு அடியில் எங்கும் அக்கினிக் குழம்பே நிறைந்திருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. அங்குள்ள பாறை, உஷ்ணம் மிகுந்திருந்தும், அழுத்தத்தால் உருகாது திடமாகவே நிற்கிறது. நம் நாட்டு எரிமலை நிற்கும் அந்தமான் பகுதியில் அதனை உருகச் செய்வது, வியப்பாயினும் உண்மை, தண்ணீரே. பாரத பூமியைத் தாங்கிய பாறைத்தகடு, அந்தமானுக்கு மேற்கே பர்மாத் தகட்டின் அடியில் சரிந்து இறங்குகையில், தன் தாதுக்களில் கட்டுண்ட கடல்நீரையும் உடன்கொண்டு செல்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்நீர் பிரிந்து, மேலுள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்தவே, பாறை குழம்பாகி, சுற்றியுள்ளவற்றினும் இலேசாகி மேலெழுகிறது. எழுந்து வர வர அழுத்தம் குறைவதால், குழம்பில் கரைந்து கிடந்த நீராவியும் பிற வாயுக்களும் குமிழிகளாய்ப் பிரிந்து, பன்மடங்கு விரிந்து, குழம்பையே வெளியே உந்தி எறிகின்றன.

இவ்வாறு பிறந்ததே பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே, கடலடியிலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து, நீருக்கு மேலே சுமார் 350 மீட்டர் மட்டும் தலைகாட்டும் இம்மலை, இந்தியாவில் இன்றும் குமுறும் ஒரே எரிமலை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991இல் அது மீண்டும் குமுறியது. அதன் குழம்பு சிலிக்கா குறைந்து இளகியதாதலின் வாயு பெரும்பாலும் எளிதில் நீங்கிவிடுகிறது. அவ்வாறன்றி, பிசுபிசுத்த குழம்பு வாயுவைச் சிறையிட்டமையால், 1883 ஆகஸ்டில் கிரக்கதோவா எரிமலை வெடித்துச் சிதறி, 36,000 பேருக்கு மேல் மாண்டனர். அன்றெழுந்த கடலலையை நாகப்பட்டினத்து அலைமானியும் பதிவு செய்தது.

பாரன் தீவை ஈன்ற அதே தகட்டெல்லை 2004 டிசம்பர் 26 அன்று நழுவி ஆழிப்பேரலை எழுந்தபோது, நம் கடலூர்க் கரை பட்ட துயரத்தை இவ்வவையில் பலர் நேரிற் கண்டவர்கள். ஆகவே அத்தீவை எங்கோ கிடக்கும் விநோதமென்று கருதி ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. அழுத்தத்தை அளந்து, அதனுடன் வாழப் பழகிய இவ்வூரின் இளம் பொறியாளர்களும் மாணவர்களும் அந்தமான் கடலாராய்ச்சியில் முன்வந்து ஈடுபட வேண்டும் என்றும், கண்டறிந்தவற்றைத் தமிழில் எழுதிக் கரையோர மக்களின் கையில் சேர்ப்பிக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.